கொசுவலைக் கணக்கு

"பிள்ளைங்க புதுசு சார், உற்சாகமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று சொல்லித்தான் என்னை இங்கே கூப்பிட்டார்கள். உற்சாகத்துக்கு நான் சரிப்பட மாட்டேன். பத்துபஸ்தியிலிருந்து பஸ்ஸில் வரும்போதே அதைத் தீர்மானித்துக்கொண்டுதான் வந்தேன். ஓய்வு பெற்ற அன்று இதே ஹாலில் எனக்குச் சால்வை போட்டு, கட்சால் தீவு மக்கள் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள வேண்டாம், நோட்டை மூடி வையுங்கள். மூன்றாவது பெஞ்சு, உங்களுக்கும்தான்.

செயலியை எப்படி இயக்குவது, எந்தப் பொத்தான் எதற்கு என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருக்கிறார்கள். என்னைவிட வேகமாக உங்கள் விரல் ஓடும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. நம் கூட்டுறவுச் சங்கத்து உறுப்பினர்கள் வீட்டு வரவு செலவைத் தங்கள் போனிலேயே எழுதிக்கொள்ள வேண்டும், சங்கத்தில் போட்டிருக்கும் சேமிப்பும் அதிலேயே தெரிய வேண்டும், அவ்வளவுதான் அந்தச் செயலி. போர்ட் பிளேரில் இருப்பவர்களுக்கு நாம் தேவையே இல்லை. நெட்வொர்க் இல்லாத தீவுகளுக்குத்தான் நாம் கப்பல் ஏறுகிறோம்.

கட்சாலில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். அங்கே பேசுவதற்குப் பட்டன் போன் போதும், அதுவும் காற்றடிக்கிற திசையைப் பார்த்துத்தான் எடுக்கும். பெரிய போன் என்பது படம் பார்க்க, பாட்டுக் கேட்க, நம் கணக்கை எழுத. எழுதியது இங்கே சங்கத்துக்கு வந்து சேர வேண்டுமானால் போன் நெட்வொர்க் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அதனால் நான் இறங்கியதுமே சிலரும் கிளம்புகிற அன்று மற்றவர்களுமாக ரப்பர் தோட்டத்துக் காலனி ஆட்கள் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு வந்து தங்கள் போனை என் பையில் போடுவார்கள். ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு துண்டுக் காகிதம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும். அதில் பெயர், போனைத் திறக்கும் எண், அதற்குக் கீழே என்னென்ன புதுப் பாட்டு ஏற்றி வர வேண்டும் என்ற பட்டியல். நான் ஆபீசுக்கு வந்து எல்லாவற்றையும் இணைத்து, பாட்டையும் ஏற்றி, அடுத்த கப்பலில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பத்து நாள் அவர்களுடைய போன் என் பையில் கிடக்கும். திறக்கும் எண்ணோடு.

நினைத்துப் பாருங்கள். உங்கள் போனை உங்கள் வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் திறந்து கொடுப்பீர்களா? சிரிக்காதீர்கள். மாட்டீர்கள்.

முதல் வருடம் ஒரு கூத்து நடந்தது. இரண்டு போனுக்கு ஒரே நிறத்தில் உறை, திறக்கும் எண்ணும் இரண்டுக்கும் ஒன்று இரண்டு மூன்று நாலுதான். கப்பல் ஆட்டத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே துண்டுக் காகிதங்களை மாற்றிக் கட்டிவிட்டேன். இவர் போன் அவரிடமும் அவர் போன் இவரிடமும் போய், இரண்டு பேரும் ஒரு வாரம் அடுத்தவர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண்மணி, "எனக்கு வெத்தல பழக்கமே இல்ல சார், முந்நூறு ரூவாய்க்கு வெத்தல போட்டுருக்கேன்னு இருக்கு" என்று கொண்டுவந்து நீட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஜெட்டியில் எல்லோர் முன்னாலும் என் தலையில் நானே குட்டிக்கொண்டு, என் தப்புதான் என்றேன். காலனியே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னைப் பார்த்தாலே யாராவது வெற்றிலை நீட்டுவார்கள். அவ்வளவுதான் தண்டனை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஜனங்களிடம் உண்மையைச் சொல்ல நான் பயப்படக் காரணமே இல்லை என்பதற்காக.

அதே காலனியில் சாந்தி என்று ஒரு பெண். ரப்பர் பால் எடுக்கும் வேலை. அவளுடைய அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து கட்சாலில் குடியமர்த்தப்பட்டவர்கள். புருஷன் சிவலிங்கமும் அதே தோட்டத்தில்தான். ஒரே மகள் கவிதா, அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை.

சாந்தி மாதிரி கணக்கு எழுதுகிறவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தீப்பெட்டி வாங்கினால்கூட எழுதுவாள். அவள் போனை இணைக்கும்போது ஒரு தலைப்பு என் கண்ணில் பட்டது. கொசுவலை. வாரா வாரம் கொசுவலைக்கு இருநூறு, சில வாரம் முந்நூறு. நாலு வருடமாக. அந்தப் பணம் எங்கே போகிறது என்று தேட வேண்டியதே இல்லை, மாதா மாதம் என் கையில் கொடுத்துச் சங்கத்தில் அவள் பெயரில் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனுக்குத் தெரியாத சேமிப்பு. மகளை மெயின்லேண்டில், திருச்சிப் பக்கம், நர்சிங் படிக்க வைப்பதற்கு. அதை அவளே ஒரு நாள் பணம் கொடுக்கும்போது சொல்லியிருந்தாள். சிவலிங்கம் கெட்டவனில்லை, குடிகாரனும் இல்லை. ஆனால் கையில் காசு இருப்பது தெரிந்தால் ஏதாவது ஒரு யோசனை அவனுக்குப் பிறந்துவிடும். கோழிப்பண்ணை, அப்புறம் கொப்பரை வியாபாரம். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போனது. அதனால்தான் கொசுவலை.

நான் பார்க்கக் கூடாததைப் பார்த்தேன் என்பது முதல் தப்பு. ஆனால் அது இந்த வேலையில் தவிர்க்க முடியாது. கண்ணில் படும். பட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும். நான் விட்டிருந்தால் இன்றைக்கு உற்சாகமாகவே பேசியிருப்பேன்.

அந்த வருடம்தான் செயலியில் குடும்பக் கணக்கு வந்தது. புருஷன் போனையும் பெண்டாட்டி போனையும் ஒன்றாகச் சேர்த்தால் இருவருக்கும் வீட்டின் முழுக் கணக்கும், சங்கத்துச் சேமிப்பு உட்பட, தெரியும். நல்ல ஏற்பாடுதான். ஆபீசில், மாதத்துக்கு இத்தனை குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஒரு எண்ணிக்கை வைத்தார்கள். எனக்கு அந்த மாதம் ஒன்று குறைந்தது. ஒரே ஒரு குடும்பம்.

போர்ட் பிளேர் ஹாடோ ஜெட்டியில் மத்தியானம் கப்பல் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். மாத அறிக்கை அன்று சாயங்காலம் போயாக வேண்டும். கப்பல் துறைமுகத்தைத் தாண்டினால் நெட்வொர்க் செத்துவிடும், அப்புறம் எட்டு நாளைக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. பையைத் திறந்து துழாவினேன். சாந்தி போன், சிவலிங்கம் போன், இரண்டும் இருந்தன. இரண்டுக்கும் திறக்கும் எண் இருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டேன் தெரியுமா? புருஷன் பெண்டாட்டிக்குள் ஒளிவுமறைவு எதற்கு, தெரிந்தால் அவனும் பொறுப்பு வந்து சேமிப்பான், பிள்ளைக்கு இன்னும் நல்லதுதானே என்று. நம்பாதீர்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தது, அதுதான் காரணம். மற்றதெல்லாம் நானே ஜோடித்தது. இந்த வேலையில், 'அவர்களுடைய நல்லதுக்குத்தான்' என்று மனசு சொல்லும்போது கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டு போனையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் 'சேர்' என்பதை அழுத்தினேன். இன்னொன்றில் 'உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். இந்தக் கட்டைவிரல்தான். சங்கு ஊதியது, கப்பல் நகர்ந்தது. அறிக்கையையும் அனுப்பிவிட்டு, டீ வாங்கிக் குடித்தேன்.

டீ குடித்து முடிப்பதற்குள் கை மறுபடி பைக்குள் போனது. போனை எடுத்து, சேர்த்த கணக்கைப் பிரித்துவிடப் பார்த்தேன். நெட்வொர்க் போய்விட்டது. மேல் தளத்துக்கு ஓடினேன், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். நிகோபாரிப் பெரியவர் ஒருவர், "பாபு, சமுந்தர்ல டவர் கிடையாது" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்போதும் வழி இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. சிவலிங்கம் போனை மட்டும் பையிலேயே வைத்துக்கொண்டு, "வேலை முடியலப்பா, அடுத்த தடவை தரேன்" என்றிருந்தால் போதும். அடுத்த பயணத்தில் பிரித்துவிட்டிருப்பேன், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ராத்திரி முழுக்க அதையே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் கட்சால் ஜெட்டியில் கயிறு கட்டும்போதே சிவலிங்கம் முன்னால் நின்றான். "பாட்டெல்லாம் ஏத்திட்டீங்களா சார்?" என்றான். அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தயங்கினேன். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்தவன் என்று ஜெட்டியில் பத்துப் பேர் நினைப்பார்களே என்று ஒரு அற்பக் கூச்சம். கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் தங்கியிருந்த விடுதி வாசலுக்கு சிவலிங்கம் வந்தான். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. வெறுமனே படியில் உட்கார்ந்தான்.

"நாலு வருஷமா கொசுவலை வாங்கியிருக்கா சார். வூட்ல ரெண்டுதான் இருக்கு. அதுலயும் ஒன்னு கிழிசல்" என்றான். பிறகு, "நா அவ்வளவு மோசமானவனா?" என்று கேட்டான்.

டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த வாரமே அவனுடைய அடுத்த யோசனைக்கு உயிர் வந்துவிட்டது. பக்கத்துக் கமோர்ட்டாத் தீவில் ஒருவர் இஞ்சினோடு ஃபைபர் படகு விற்கிறார் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது பணம் இருப்பது தெரிந்துவிட்டது. அவரிடம் ஆள் அனுப்பி, படகு எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டான். சாந்தியால் என்ன செய்ய முடியும்? தெரியாத பணத்தைத்தான் காப்பாற்ற முடியும். தெரிந்த பிறகு, காலனியில் எல்லோரும், புருஷனுக்குத் தொழில் வைத்துக் கொடுக்காமல் காசைப் புதைத்து வைத்திருக்கிறாள் என்று பேசிய பிறகு, அவள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்? சேமிப்பை எடுக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடமே கொடுத்தாள்.

கொடுக்கும்போது கேட்டாள். ரேஷன் கடைக்கு முன்னால், நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சார், ஒன்னு கேக்கவா? எங்க ரெண்டு பேரு ஹிஸாபையும் நீங்களா சேத்தீங்க?"

கணக்கைச் சேர்த்தது நானா, இவ்வளவுதான் கேள்வி. ஆமாம் என்று ஒரு வார்த்தை. வெற்றிலை விஷயத்தில் தலையில் குட்டிக்கொண்டு சொன்னேனே, அதே வார்த்தை. அது கவனக்குறைவு, அதைச் சொல்லலாம். இது நான் தெரிந்து செய்தது.

"இல்லம்மா" என்றேன். "அப்டேட்ல ஆயிருச்சு. அதுவாவே சேந்துக்கும்."

சாந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நா அன்னிக்கே சொன்னேன்ல? சார் அப்பிடிச் செய்யிற ஆளு இல்லன்னு."

எனக்காக அவள் அவர்களோடு சண்டை போட்டிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையெழுத்துப் போட்ட தாளைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன். தேதியைச் சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்த்தேன். சரியாகத்தான் போட்டிருந்தாள்.

கவிதா அந்த வருடம் திருச்சிக்குப் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. சாந்தி மறுபடி சேமிக்கவில்லை. நான் ஒரு தடவை மெதுவாகக் கேட்டதற்கு, "இனிமே எங்க சார் ஒளிக்கிறது?" என்று சிரித்தாள். படகு நன்றாகத்தான் ஓடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவலிங்கத்தின் யோசனைகளில் பலித்தது அது ஒன்றுதான். "பாத்தீங்களா, நல்லதுக்குத்தான் நடந்திருக்கு" என்று காலனியில் இரண்டு பேர் என்னிடமே சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நான் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஏனென்றால் அந்தப் படகுக்குக் கணக்கு எழுதுவது கவிதா. ஒரு தடவை, "அங்கிள், டீசலுக்கு எந்தத் தலைப்பு வைக்கலாம்?" என்று நம் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினாள். நான் வைத்துக் கொடுத்தேன். தலைப்புகள் வரிசையில் கொசுவலை அப்படியே இருந்தது. அதில் யாரும் அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது உங்கள் கையில் இருக்கும் கோப்பைத் திறங்கள். களப்பணியாளர் குறிப்பு, மூன்றாம் பக்கம். கீழிருந்து இரண்டாவது வரி. 'விவரங்களில் மாற்றம் ஏற்பட்டதாக உறுப்பினர் கூறினால், அது புதுப்பித்தலின்போது தானாக நிகழ்ந்தது என்று பணிவுடன் விளக்கவும்.' பார்த்தீர்களா?

அது என் வாக்கியம். கட்சாலிலிருந்து வந்ததும் சாந்தி சேமிப்பை ஏன் எடுக்கிறாள் என்று ஆபீசில் ஒரு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அங்கேயும் அதையேதான் எழுதினேன். அப்போதிருந்த மேனேஜர் பேம்பூஃபிளாட்டிலிருந்து சாத்தம் ஜெட்டிக்கு ஃபெர்ரியில் வந்து போகிறவர், நல்ல மனிதர், என்னை நம்பினார். "இப்படி வேறெங்கயும் நடந்தா நம்ம ஆளுங்க திணறக் கூடாது" என்று சொல்லி அதைச் சுற்றறிக்கையில் போட்டார். பிறகு குறிப்பில் ஏறியது. எனக்குப் பின்னால் வந்த எத்தனை பேர், எத்தனை வாசலில், எந்தத் தப்புக்காக இதைப் பணிவுடன் சொன்னார்களோ தெரியாது. சொன்னவர்களில் பாதிப் பேர் அது உண்மை என்று நம்பித்தான் சொல்லியிருப்பார்கள். நேற்று நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

செயலி தானாக யாரையும் சேர்க்காது. அது கேட்கும். சம்மதம் என்று ஒரு விரல் அழுத்தினால்தான் சேர்க்கும். பேனாவை எடுங்கள், அந்த வரியை அடியுங்கள். இதற்கு மட்டும் பேனாவைத் திறக்கலாம். இப்போதைய மேனேஜரிடம் நடந்ததைக் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், பயப்படாமல் அடியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்களில் கட்சால் வழிக்குப் போகிறவர் யார்? நீங்களா? சரி. உங்களிடம் ஒரு உதவி கேட்கலாம் என்று நேற்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். சாந்தியைப் பார்த்தால், அன்றைக்கு அப்டேட்டில் ஆகவில்லை, சார்தான் சேர்த்தார், எண்ணிக்கைக்காகச் சேர்த்தார் என்று சொல்லிவிடுங்கள், இப்படி. இதோ சட்டைப் பையில் இருக்கிறது. இன்றைக்கு பஸ்ஸில் எடுத்துப் படித்துப் பார்த்தபோதுதான் என் புத்தி எனக்கே விளங்கியது. வெட்கமாகப் போய்விட்டது. என் சாமானை இன்னொருவர் பையில் போட்டு அனுப்பப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெறும் முன் கடைசிப் பயணத்தில் அவளே ஜெட்டிக்கு வந்து, ஒரு பை நிறைய தேங்காய் கொடுத்து, "வயசான காலத்துல கப்பல்ல அலையாதீங்க சார்" என்றாள். அப்போதும் வாயைத் திறக்காதவன் நான்.

அதனால் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் கப்பலிலேயே எனக்கும் ஒரு பங்க் படுக்கை டிக்கெட் எடுத்திருக்கிறேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. சத்தம் போடலாம், போடாமலும் இருக்கலாம். கவிதா என்ன சொல்வாள் என்பதை நினைக்கவே தைரியம் இல்லை. நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அது போதும்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கப்பல் ஜெட்டியில் கயிறு போட்டதும் என்னைப் பார்த்துவிட்டு, நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன் என்று நினைத்து, "வாங்க சார்" என்று சொல்லித் துண்டுக் காகிதம் கட்டிய தன் போனை என்னிடம் நீட்டுவாள். அதை வாங்குவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும்.